அணைக்காத தொட்டி விளக்கு

ஐப்பசி 9, செவ்வாய்.

சரவணன் மீன்தொட்டியில் நட்ட சிவப்புச் செடி பாசி பிடித்து அடியில் அழுகுகிறது. "பிள்ளையே போய்ச் சேந்துட்டான், இந்தச் செடி என்னத்துக்கு? தூக்கிக் கொட்டு" என்கிறார் அவன் அப்பா. கொட்ட மாட்டேன்.

ஒரு தண்டைத் தண்ணீரோடு பையில் போட்டு, ஆலங்குடியில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் மீன்தொட்டி விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் இலையைத் தடவிப் பார்த்தார்.

"லைட்டு எம்புட்டு நேரம் எரியுது ஆத்தா?"

"ராவும் பகலும்தான்."

"அதென்ன கோயிலா, அணையா வெளக்கு போட?"

"எம் மகன் கடைசியாப் போட்ட லைட்டு தம்பி. அணைக்க மனசு வரல."

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "செடிக்கும் ராத்திரி வேணும் ஆத்தா. எட்டு மணி நேரம் போதும். மிச்ச வெளிச்சத்தப் பாசிதான் திங்கிது."

வந்ததும் அழுகியதைப் பிடுங்கி எறிந்தேன். நல்ல நுனிகளை மட்டும் வெட்டி மணலில் ஊன்றினேன். நாலு நுனிதான் தேறியது. அவன் கை வைத்ததில் இன்னும் வளருவது இது ஒன்றுதான். இதைப் பிழைக்க வைப்பேன்.

அவன் அப்பா தூங்கிவிட்டார். தினமும் இந்தத் தொட்டி வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். இப்போது அணைக்கப் போகிறேன். காலையில் நானே போடுவேன்.