சுவரை மூடிய காகிதம்

மார்லீன்,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை.

நீ இப்போது வேலை பார்க்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் உத்தரவுப்படி, எட்டாம் வகுப்பு அறையின் சுவர்களைப் பழுப்புக் காகிதத்தால் மூடிவிட்டேன். நாளை மாநில அளவிலான அமெரிக்க வரலாற்றுத் தேர்வு. பிள்ளைகள் சுவரைப் பார்த்து எழுதிவிடக் கூடாதாம். நீ பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய காலத்தில் நாம் சேர்ந்து ஒட்டிய வரைபடமும் உள்ளே போய்விட்டது.

இரண்டு மாதமாக நான் வரலாறு நடத்தவில்லை. விடை தெரியாவிட்டால், கொடுத்திருக்கும் ஏ, பி, சி, டி என்ற நான்கு விடைகளில் 'சி' வட்டத்தை நிரப்பு என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். தேர்ச்சிக்கு ஓரிரு மதிப்பெண் குறைகிறவர்களை மட்டும் கவனி என்றாய். மற்றவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பினேன்.

ஜாமியாவும் பின்வரிசைதான். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தாத்தா, பருத்திக் காட்டில் அடிமையாக இருந்து விடுதலையானவர். அவர் படத்தை அவள்தான் கொண்டுவந்து ஒட்டியிருந்தாள். அதன்மேல் நான் காகிதத்தை இழுத்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், பரீட்சையில இவரப் பத்திக் கேள்வி வருமா?"

"வராதும்மா."

"அப்ப இவர எதுக்கு மூடுறீங்க?"

மாதிரி வினாத்தாள் தயாரிப்பவள் நீதானே? இந்தக் கேள்விக்கும் நான்கு விடைகள் எழுதி அனுப்பு. எனக்குத் தெரியவில்லை; 'சி'யை நிரப்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பக்கத்து வகுப்புக்காரி