அம்மனுக்கு முன்னால் மாமாவின் படம்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று கோயில் கூட்டத்தில் இருந்தவர்கள் தலைவர் மாமா, பொருளாளர், என் வீட்டுக்காரர், நான்.

குலதெய்வக் கோயிலின் வெப்சைட்டை நானே கற்றுக்கொண்டு நடத்துகிறேன். அதன் உச்சியில் இருந்த, கோபுரம் கட்டிக்கொடுத்த மாமாவின் பெரிய படம் முழுதாக இறங்கும்வரை, நெட் மெதுவாக வரும் எங்கள் எருமப்பட்டிச் சனங்களின் போனில் அம்மன் தெரியவே மாட்டாள். அதனால் அவர் படத்தைச் சிறிதாக்கிக் கீழே வைத்தேன். இப்போது வெப்சைட்டைத் தொட்டதும் அம்மன் வருகிறாள்.

“ஏஞ்சாமி, கோபுரங் கட்டுனவன் மூஞ்சி ஸ்டாம்பாட்டம் இருந்தா ஊரு சிரிக்காதா? பழையபடி போடு. முடியாட்டி வேற ஆளப் பாத்துக்கறோம்” என்றார் மாமா.

“போட்டுருவாளுங்க மாமா” என்றார் என் வீட்டுக்காரர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தாயே, அவர் படத்தை மறுபடி உனக்கு முன்னால் ஏற்றவா, பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவா? காலையில் கேட்பார்கள். சீக்கிரம் பதில் சொல்.