குவாரி வளைவில் சிவப்புக் கொடி

பர் துபாய்
5.12.2005

அன்புள்ள கந்தையா அவர்களுக்கு,

உங்களுக்கும் உங்கள் மனைவி குமுதினிக்கும் நலம் விழைகிறேன். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் தோஹாவிலிருந்து வந்ததும் மசாஃபி மலைப்பாதையில் சைக்கிளில் போகலாம் என்று ஒப்புக்கொண்டவன் நான்தான். ஆனால் அந்தப் பக்கம் முழுக்கக் கல் குவாரிகள், கல் ஏற்றிய லாரிகள். நீங்கள் வழியெல்லாம் நின்று படம் பிடிப்பீர்கள். எனக்கு மேட்டில் நின்றால் மறுபடி ஏறப் பயம், முன்னால் போய்விடுவேன். அதனால் ஒரு ஏற்பாடு. மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்காக நிற்கும் இடத்தில் அதைச் சாலையோரம் நடுவேன். சிவப்பைக் கண்டால் தயங்காமல் வாருங்கள்.

அசட்டுத்தனமாகத் தோன்றினால் சொல்லிவிடுங்கள்.

என்றும் அன்புடன்,
அனந்தகிருஷ்ணன்

தோஹா
20.1.2006

அன்புள்ள அனந்தர்,

தோள் எலும்பு பொருந்திவிட்டது. தேத்தண்ணிக் கோப்பை தூக்குகிறேன். நீர் மன்னிப்புக் கேட்டது போதுமப்பா. வெடி வைக்க முதல் குவாரிக்காரர் ரோட்டில் சிவப்புக் கொடி நடுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நீர் வளைவைத் தாண்டின பிறகு அவர்கள் நட்டதை உம்முடையது என்று நினைத்து, "வாறன், வாறன்!" என்று கைகாட்டிக்கொண்டு உள்ளே போன விசரன் நான். வெடியில் பறந்து வந்த கல் தோளோடு விட்டது.

ஆனால் ஒன்று. நீர் மேலே நின்று தொண்டை கிழியக் கத்தினதாக ஆஸ்பத்திரியில் குமுதினிக்குச் சொன்னீராம். கூப்பிடு தூரம்தானே? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனுசி பிடித்துக்கொண்டாள்: "உங்கட காது போச்சு. லொறி வாறதும் கேளாது. இனிச் சைக்கிளைத் தொட்டால் நான் கொழும்புக்குப் போயிடுவன்." காது சரி என்றுதான் டொக்டர் சொல்கிறார். ஆனால் அவர் ஏசி அறைக்குள் பார்த்தவர். நீர் கத்தினது மலையில். எனக்கும் பயம் வந்துவிட்டது.

சைக்கிளை என்னோடு வேலை செய்கிற கௌஸ் முகம்மதுக்குக் கொடுக்கிறேன். வருகிற மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறான். அது போனால் எனக்கு இங்கே வேலையும் கட்டிலும்தான் மிச்சம்.

உம்முடைய உயிர்ச் சிநேகிதன்,
கந்தையா

பர் துபாய்
30.1.2006

அன்புள்ள கந்தையா அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கவேண்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் உங்களை அழைத்தேன். "ஹலோ, ஆர்?" என்றீர்கள். வைத்துவிட்டேன்.

நான் கத்தவில்லை.

கொடிக்காரன் விசில் ஊதியதையும், எதிர்க்காற்று அந்தச் சத்தத்தை அடித்துக்கொண்டு போனதையும், நீங்கள் சிரித்தபடி ஏறி வந்ததையும் மேலிருந்து பார்த்தேன். என்ன நடக்கப்போகிறது என்று புரிந்தது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் குமுதினி, "நீங்கள் கூப்பிடேல்லையோ அண்ணை?" என்று கேட்டபோதுதான் வந்தது. வந்தது அந்தப் பொய்.

நான் வாய் திறக்காவிட்டால் நம் சிநேகம் இப்படியே இருக்கும். உங்கள் சைக்கிள் போய்விடும். இதை யோசிக்கவே எனக்குச் சில நாட்கள் தேவைப்பட்டன என்பதையும் மறைக்கவில்லை.

உங்கள் காதில் பழுதில்லை. சைக்கிளைக் கொடுக்காதீர்கள். இந்தக் கடிதத்தைக் குமுதினியிடம் காட்டுங்கள்.

அனந்தகிருஷ்ணன்

தோஹா
15.2.2006

திரு. அனந்தகிருஷ்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குமுதினியும் வாசித்தாள். கௌஸ் முகம்மதை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோம்.

மசாஃபியில் விட்ட பாதையை அடுத்த மாதம் சைக்கிளில் ஓடி முடிக்கப் போகிறேன், தனியாக. உங்களுடைய சிவப்புத் துணி என் பையோடு வந்துவிட்டது. தோய்த்து இத்துடன் அனுப்புகிறேன்.

நேற்று வெளி ரோட்டில் ஓடிப் பார்த்தேன். பின்னால் வந்த லொறி, வெகு தூரத்தில் வரும்போதே கேட்டது.

கந்தையா