தெரியவில்லை என்று எழுதுங்கள்

டீச்சர்,

இன்று காலை என் மகள் டெல்லியிலிருந்து விமானம் ஏறுகிறாள். மாரண்டஹள்ளியில் வீட்டில் உட்கார்ந்தபடியே அந்த விமானத்தைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘தாமதம்’ என்று மஞ்சள் எழுத்து வந்தது. சற்று நேரத்தில் புதிய நேரமும் வந்தது. அவளை அழைத்துவரப் பெங்களூருக்குக் கிளம்பிய கார்க்காரரை, சாப்பிட்டுவிட்டே போகச் சொன்னேன். இந்த வசதியெல்லாம் நீங்கள் போன பிறகு வந்தவை. ஆனால் இதை முதன்முதலில் கேட்டு வாங்கியவர் நீங்கள்தான்.

எண்பதுகளில், நாம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த காலம். உங்கள் தம்பி அந்தோணி வளைகுடாவிலிருந்து பம்பாய் வழியாகத் தன் கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்தான். திங்கட்கிழமை காலை நம் ஊர் மாதா கோயிலில் கல்யாணப் பூசை. ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துவர, உங்களுக்குத் துணையாக நானும் ஓசூர் வழியாகப் பஸ் பிடித்துப் பெங்களூர் விமான நிலையத்துக்கு வந்தேன்.

சொன்ன நேரத்துக்கு விமானம் வரவில்லை. பம்பாயில் மழை என்றார் ஒருவர். கிளம்பிவிட்டது என்றார் இன்னொருவர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது செய்தி ஓர் அறையில் டெலிபிரிண்டரில் வந்து விழும். அதைக் கிழித்துக் கவுண்டருக்கு ஓர் ஆள் கொண்டுவர வேண்டும். பெட்டி இறக்குகிறவர்களிடம் சொல்ல இன்னோர் ஆள் ஓட வேண்டும். நீங்கள் என் பக்கம் திரும்பி, “ஆபீசுக்கு ஒரு மணி, கிளாசுக்கு ஒரு மணின்னு வேற வேற நேரத்துல அடிச்சா பிள்ளைங்க என்னங்க பண்ணும்?” என்றீர்கள்.

இன்றைய இணைய ஏற்பாட்டை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் ஒரே மணி. கவுண்டரில் இருப்பவர், பெட்டி இறக்குகிறவர், வாசலில் நிற்கும் டாக்சிக்காரர், வீட்டில் இருக்கும் நான், எல்லோர் கைக்கும் ஒரே தகவல் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது.

அன்று அங்கே சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. நம் விமானத்துக்கு நேரே அதில் ஒன்றும் எழுதவில்லை. நிச்சயமாகத் தெரிந்தால்தானே எழுத முடியும் என்றார் அதிகாரி. உங்களுக்கோ வேறு பயம். கடத்தூரிலிருந்து பெண் வீட்டார் விடியற்காலையில் வேன் நிறைய வந்து, மாப்பிள்ளை இல்லாத கோயிலில் நின்றால் கல்யாணமே நின்றுவிடும். ஆனாலும் நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

“தெரியலைன்னே எழுதுங்க சார். நாங்க அதை வச்சு முடிவு பண்ணிக்கறோம்.”

அவர் உள்ளே போய் விசாரித்து வந்தார். பிறகு சாக்பீஸை எடுத்து, இன்று வருமா என்பது தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினார். சிலர் அவரிடம் சண்டைக்குப் போனார்கள். நீங்கள் போனைத் தேடிப் போனீர்கள்.

பெண்ணின் அப்பாவுடைய மண்டிக்கு டிரங்க் கால் கிடைத்தது. அவர் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“ஏங்க டீச்சர், தெரியலைன்னு சொல்றதுக்கா பெங்களூர்ல இருந்து போன் பண்றீங்க?”

“ஆமாங்க. அது தெரியாம நீங்க வேன் ஏறிடக் கூடாதுல்லங்க. பையன் வந்துருவான். எப்பன்னுதான் தெரியலை. பூசையைச் சாயங்காலத்துக்கு மாத்தச் சொல்லி பங்குச் சாமியார்கிட்ட நானே பேசறேன்.”

“சரி, சாயங்காலமே வர்றோம்” என்றார் அவர்.

அந்தோணி மறுநாள் காலை வந்து இறங்கினான். சாயங்காலம் தாலி கட்டினான். பந்தியில் உங்கள் இலைக்குப் பெண்ணின் அப்பாவே பரிமாற வந்தார். “தெரியலைன்னு சொன்னீங்களே, அதுக்கு இன்னொரு கரண்டி” என்று குழம்பை ஊற்றினார். நீங்கள் வேண்டாமென்று கையால் மறிக்கவில்லை.

பிறகு நான் தலைமையாசிரியை ஆனேன். ஸ்காலர்ஷிப், மாற்றல் உத்தரவு என்று எதையாவது எதிர்பார்த்து யாராவது வாசலில் காத்திருப்பார்கள். கையில் பதில் இல்லாவிட்டாலும் எழுந்து வெளியே போய், இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுவேன். முகம் சுளிப்பார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.