ருவான் கட்டிலுக்குப் பச்சைக் குஞ்சம்

ருவான், 6 மார்ச் 1887

அன்புள்ள ஓனோரினுக்கு,

நலமாக இருப்பாய். பட்டறைச் சன்னலைத் திறந்து வை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அந்த நூல் தூசி இந்நேரம் உன் புத்தியிலும் படிந்திருக்கும். இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. வீட்டு அலங்காரம் என்றால் என்னவென்று தெரிந்த மனிதர்கள் வாழும் ஊர். அதனால்தான் போன கோடையில் வந்தவன் இன்னும் பாரீசுக்குத் திரும்ப முடியவில்லை.

ஒரு பெரிய வாடிக்கையாளர் வீட்டுப் படுக்கையறை. இரண்டு சன்னல், ஒரு விதானக் கட்டில். எல்லாவற்றுக்கும் பாசிப்பச்சைப் பட்டில் தொங்கலும் குஞ்சமும் வேண்டும். வேலைக்காரியைக் கூப்பிடும் மணிக்கயிறு கட்டிலின் இடப்பக்கம், படுத்தபடியே கைக்கு எட்ட வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் செய்வது சவ வண்டித் தொங்கல் போல இருக்கிறது. நீ செய்வது பரவாயில்லை. உன் ரசனையை மட்டும் சேர்க்காதே.

உன் கணவன்,
அன்செல்ம் கார்னோ

பாரீஸ், 11 மார்ச்

மதிப்புக்குரிய கணவருக்கு,

என் புத்தியின் தூசியைத் தட்டிவிட்டு எழுதுகிறேன். மேசைக்காலுக்குக்கூடக் குஞ்சம் கேட்கும் காலத்தில் கட்டிலுக்குக் கேட்பது அதிசயமில்லை. ஆனால் மணிக்கயிற்றை எல்லோரும் வலப்பக்கம்தான் கேட்பார்கள். உங்கள் வாடிக்கையாளரும் திரை மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து வலது தோளைக் கெடுத்துக்கொண்டாரா? பாவம், உங்களுக்கு நடந்தது போலவே.

பச்சையில் பல சாயம் உண்டு. நூல் மாதிரி ஒட்டிய அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டிலுக்குச் சொந்தக்காரம்மா பார்த்துச் சொல்லட்டும்.

ஓனோரின்

ருவான், 15 மார்ச்

ஓனோரினுக்கு,

உன்னைப் போன்ற பெண்களுக்குச் சந்தேகத்தைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. மதாம் கோர்தியே கணவனை இழந்தவர், கண்ணியமானவர். மாடியில் எனக்கு ஓர் அறை தந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நூல் அட்டையில் பட்டறைப் பெயரையும் முகவரியையும் அச்சிட்டு அனுப்ப வேண்டுமா? அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க பேரே போட்டிருக்கே?" என்று கேட்டார். பட்டறை நடத்துபவள் எனக்குத் தூரத்து உறவு என்று சொல்லிச் சமாளித்தேன். அனுப்பும் பெட்டியின்மேல் பெயர் எதுவும் வேண்டாம். அவர் கடிதம் எழுதினால் பதில் போடாதே. எனக்கென்று இங்கே ஒரு மரியாதை இருக்கிறது.

அன்செல்ம்

பாரீஸ், 23 மார்ச்

மரியாதைக்குரியவருக்கு,

மதாம் கோர்தியே கடிதம் எழுதவில்லை. நேரிலேயே வந்துவிட்டார். படியேறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள், "கார்னோ பட்டறை இதானே? அன்செல்முக்கு நீங்க என்ன உறவு?" என்றார்.

"பொண்டாட்டிங்க."

சிரித்தார். பட்டறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. நூல் திரித்துக்கொண்டிருந்த பெண்களின் கை அப்படியே நின்றது.

"அவங்கதான் காய்ச்சல்ல போய்ட்டாங்களே! கல்லறையில வைக்கச் சொல்லி நானே லில்லிப் பூ வாங்கிக் குடுத்தேனே!"

"எனக்கு லில்லி வாசனையே ஆகாதுங்க. அது ஒண்ணாவது அவருக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நறுக்கென்று நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவரோ நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு இந்த அம்பது வயசுல ஒருத்தன் வந்து, உங்க கட்டிலுக்குப் பச்சை எடுப்பா இருக்கும்னு சொன்னான் மதாம். நம்பிட்டேன். எம்மேல கோவமா?"

"இருந்துச்சு. இப்ப எல்லாத்தையும் அவர் பேருக்கே மாத்திட்டேன்."

போகும்போது வாசலில் திரும்பி நின்று, "சன்னலுக்கு மட்டும் செய்ங்க. கட்டிலை விக்கப் போறேன்," என்றார்.

போன குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல், பிழைப்பேனோ மாட்டேனோ என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி எழுதவைத்தேன். நீங்கள் பதில் போடவில்லை. கடிதம் கிடைக்கவில்லை போலும் என்று இத்தனை நாள் என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். கிடைத்திருக்கிறது. படித்திருக்கிறீர்கள். நான் பிழைத்ததுதான் உங்களுக்குத் தோதாக இல்லை.

ஓனோரின்

பாரீஸ், ரயிலடி விடுதி, 2 ஏப்ரல்

என் அருமை ஓனோரினுக்கு,

அந்தக் கோர்தியே என் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் உண்மைக் குணம் இப்போதுதான் தெரிந்தது. நீ அவளிடம் அவசரப்பட்டுப் பேசியதை மன்னிக்கத் தயாராக இருக்கிறேன். ஆண்பிள்ளை இல்லாத பட்டறை எத்தனை நாள் நடக்கும்?

நேற்று வாசலுக்கு வந்தேன். உன் வேலைக்காரப் பெண் ஒருத்தி சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ஆர்டர் குடுக்கணும்னா வியாழக்கிழமை வாங்க, முசியே!" என்றாள். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாயா? தோள் மிகவும் வலிக்கிறது. நீ தேய்த்துவிடும் கற்பூரத் தைலம் இங்கே கிடைக்கவில்லை.

என்றும் உன்னுடைய,
அன்செல்ம்

பாரீஸ், 4 ஏப்ரல்

திரு. கார்னோ அவர்களுக்கு,

சிரித்தேன். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். உங்களுக்காக என்று பெருமைப்பட வேண்டாம். அந்தத் தோளைத் தேய்த்துவிட்ட என் கைகளுக்காக.

விவாகரத்து மனு கொடுத்துவிட்டேன். நல்லவேளையாக நாட்டில் இப்போது அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. சாட்சி சொல்ல மதாம் கோர்தியே வருகிறார், என் வீட்டில்தான் தங்குவார். முதலில் நீதிபதி நம் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசிப் பார்ப்பாராம். அதுதான் வழக்கமாம். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். அவர் நல்ல மனிதராக இருந்தால் நிறையப் பேசுவார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடியாது என்பேன்.

கீழே இருப்பது என் அப்பா வீட்டுப் பெயர். பழகிக்கொள்ளுங்கள்.

ஓனோரின் தவெர்னியே