பதினெட்டு முளைகள்

ஜன. 22, 1981, வியாழன்

காலையிலிருந்து வானம் மப்பு. விளாத்திகுளம் ரோட்டு பெட்ரோல் பங்கில் தொட்டி சோதனை. அளவுகோலை இறக்குவதற்குள் பங்க் முதலாளி இளித்துக்கொண்டு வந்தார்.

"நோட்டீசுல ஒங்க பேரு பெருசா போட்டுருக்காவ சார். சிறப்பு விருந்தினராம்லா!"

வாங்கிப் பார்த்தேன். குடியரசு தின கிரிக்கெட், நெல்லை அணியோடு. மேலே கொட்டை எழுத்தில் 'கேப்டன் (ஓய்வு)' என்று நான். கீழே ஆடும் பதினொரு பேர். அதில் நான் இல்லை. ஒன்பது வருஷமாக முதலில் மட்டை பிடித்து இறங்குபவன்!

மாலை கிளப் செயலாளர் ராஜாமணி, வாழைப்பழச் சீப்போடு. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி.

"நீங்க வெயில்ல ஓடி அலையலாமா அண்ணாச்சி? மேடையில உக்காந்தாத்தான் எங்களுக்குக் கௌரவம்."

"என் இடத்துல யாரு?"

"எங்க வீட்டு மாப்பிள்ளைதான். மெட்ராஸ்ல காலேஜ் டீம்ல ஆடுனவரு."

பழத்தைத் திருப்பி நீட்டினேன். சரோஜா வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். கட்டிய மனைவி, என் வீட்டிலேயே!

ஜன. 24, சனி

பட்டாளத்தில் மேஜர் ஆக்காமல் விருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஆயில் கம்பெனியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவனை மானேஜராக்கிவிட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். இப்போது கிளப். ஒருத்தனைக் கழற்றிவிட இந்த நாட்டில் மாலை போட்டால் போதும். வயது 47. ஓட்டத்தில் எவனுக்கும் குறைந்தவனில்லை.

ஒன்றை மறந்துவிட்டார்கள். ஆடுகளத்தில் விரிக்கக் கிளப்பிடம் இருப்பது வெறும் கயிற்றுப் பாய். கரிசலில் அதை இழுத்துப் பிடிக்கச் சாண் ஆணி போதாது. மேலே பொருக்கு, உள்ளே ஈரம், பிடுங்கிக்கொள்ளும். முழ நீள இரும்பு முளை வேண்டும். பட்டறையில் நின்று நான் அடித்து வாங்கியவை, பதினெட்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நானே கொண்டுபோய், நானே அடித்து, நானே பிடுங்கி வருவது.

இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பதாக இல்லை.

செய்ய: மண்ணெண்ணெய் ரிப்போர்ட். பல் டாக்டர். பூட்ஸுக்கு வெள்ளை (எதற்கு?).

ஜன. 25, ஞாயிறு

மாலை தூறல். நாளை பாய் நிற்காது. முளை கேட்டு ஒரு பயல் வரவில்லை. முளைச் சாக்கைக் கார் டிக்கியில் போட்டேன். கேட்டால் கொடுக்கலாம்.

பூட்ஸுக்கு வெள்ளை அடித்தாயிற்று.

ஜன. 26, திங்கள்

கொடி ஏற்றினேன். ஈரச் சாமந்தி மாலை. சட்டையெல்லாம் மஞ்சள் கறை. மேடையிலிருந்தே தெரிந்தது, பாய்க்கு ஆணி. ராஜாமணி ஆபீஸில் தீப்பெட்டி பண்டல் அனுப்பும் மரப்பெட்டிக்கு அடிக்கிற ஆணி! விரல் நீளம். கரிசலில்!

யாரும் என்னைக் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

நம் ஆட்கள் முதலில் மட்டை பிடித்தார்கள். மூன்றாவது ஓவரில் மாப்பிள்ளை ரன்னுக்கு ஓடினார். பாய் சுருண்டது, கால் மாட்டியது, குப்புற விழுந்தார்.

"ஏலே, சோடாக் கடையில ஐஸ் வாங்கிட்டு ஓடியாங்கலே!" கூட்டத்தில் யாரோ கத்தினார்.

ராஜாமணி மேடைக்கு ஓடி வந்தார். "அண்ணாச்சி, அந்த முளை..."

"வீட்டுல கெடக்கும். எடுத்துட்டு வாரேன்."

ரயில்வே ஸ்டேஷன் வரை காரில் போய்த் திரும்பினேன். பதினெட்டையும் நானே அடித்தேன்.

"மாப்பிள்ளைக்குப் பதிலா நீங்களே இறங்கிருங்க அண்ணாச்சி." நெல்லைக்காரர்கள் சரி என்றார்கள்.

34 ரன். ஒரு முளை அசையவில்லை.

ஜன. 27, செவ்வாய்

ராஜாமணி மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். கணுக்காலில் எலும்புக் கீறல், மாவுக்கட்டு. நல்ல பையன்தான், அதுவும் எரிச்சல்.

"நீங்க மட்டும் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துட்டு வரலைன்னா இன்னும் ரெண்டு பேருக்கு அடிபட்டிருக்கும் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"அடுத்த வருசமும் நீங்கதான் மொதல்ல எறங்குதீங்க" என்றார் ராஜாமணி.

முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதெல்லாம் உண்டா? முகத்துக்கு நேராகச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். தப்பு முழுக்க அவர்கள் பேரில்.

அவர்கள் போனதும் சரோஜா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "சாக்கு ஞாயித்துக்கெழமையே டிக்கியிலதான கெடந்துச்சு?"

"யாரும் கேக்கல."

"நான் இப்பக் கேக்கேம்லா" என்றாள்.