மாடி அறைப் பேச்சுகளின் சாவி

அனுப்புநர்
உரிமையாளர்,
திரைச்சீலைக் கடை,
கடைவீதி, மணிக்கூண்டுக்கு எதிர்ப்புறம்.
("கர்ட்டன் மாமா" என்று எழுதினாலே போதும், தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து சேர்ப்பார்.)

பெறுநர்
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
மின்தரவுக் கண்காணிப்பு அலுவலகம்,
மூன்றாம் மாடி (லிஃப்ட் ஓடாத கட்டடம்).

பொருள்: என் கடை மாடியில் ஆலோசனை நிலையம் நடத்தும் என் அக்காள் மகள், தன்னிடம் வரும் பெண்களின் பேச்சுகளைப் பூட்டி வைத்திருக்கும் இணையப் பெட்டகத்தின் சாவியை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் ஊழியர்கள் என் கடைக் கதவில் பசை தடவி ஒட்டிய அறிவிப்பு.
2. அதை எதிர்த்து நான் நேரில் கொடுத்து, தங்கள் அலுவலகம் தொலைத்துவிட்ட மனு.
3. தொலைந்ததைப் பற்றி நான் கொடுத்து, அதுவும் கிடைக்காமல் போன மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

இது மூன்றாவது மனு. முதல் இரண்டும் இதைவிட நன்றாக வந்திருந்தன. போனது போகட்டும்.

1. நான் திரைச்சீலை தைத்து மாட்டும் தொழில் செய்கிறவன். ஒன்பதாம் வகுப்பில் பாதி வரை பள்ளியில் படித்தேன். மீதியை ஊரார் ஜன்னல்களில் படித்துக்கொண்டேன். நீதிபதி வீடு, பெரிய மருத்துவமனை, துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பல் என்று நான் திரை மாட்டாத இடம் இல்லை. கப்பல் புறப்படும்போது அதன் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். தாங்கள் இதைப் படிக்கும் அறையின் பச்சைத் திரையும் என் கைவேலைதான். இடது ஓரம் சற்றுத் தூக்கியிருக்கும். அது தங்கள் அலுவலகம் கொடுத்த அளவில் வந்த பிழை.

2. என் அக்காள் மகள் மனநல ஆலோசகர். படிப்பில் புலி. என்னைப் பார்த்து வளர்ந்ததால் என்பேன், அவள் சிரிப்பாள். வீட்டில் அடியும் மிரட்டலும் தாங்காத பெண்கள் அவளிடம் வருகிறார்கள். வந்த கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அழக்கூடாது என்பதற்காகவும், நாளைக்கு நீதிமன்றத்தில் சான்று வேண்டும் என்பதற்காகவும், அவர்கள் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து வைக்கிறாள். வீட்டை விட்டுப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், குழந்தை எந்தப் பள்ளியில் சேர்ந்தது என்பதும் அதில் உண்டு. இவற்றைக் கிளவுடில் வைத்திருப்பதாகச் சொன்னாள். மேகத்தில் வைத்தால் மழை வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுத் திட்டு வாங்கினேன். பிறகு விளக்கினாள்: பேச்சு முழுவதையும் யாருக்கும் புரியாதபடி கலைத்துப் பூட்டி அனுப்புகிறாள், இடம் கொடுக்கும் நிறுவனத்தாலும் அதைத் திறக்க முடியாது, கடவுச்சொல் தெரிந்தவர் மட்டுமே திறக்கலாம். அதைத்தான் சாவி என்கிறோம். பூட்டிய பெட்டகம் எதுவானாலும் அரசிடம் ஒரு சாவி இருக்க வேண்டும் என்று தங்கள் அலுவலகம் கேட்பதும் அதைத்தான்.

3. அந்தப் பெண்கள் ஆலோசனை நிலையத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வீட்டை விட்டு இறங்க முடியாது. ஜன்னலுக்குத் துணி எடுக்க என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். துணிச் சுருள்களுக்குப் பின்னால்தான் மாடிப்படி. கூடவே சில கணவன்மாரும் வந்து கீழே நாற்காலியில் உட்காருவார்கள். அவர்களைப் பிடித்து வைப்பது என் பொறுப்பு. "என்னங்க, ஒரு துணி எடுக்க இவ்ளோ நேரமா?" என்பார்கள். "தம்பி, மேல லைனிங் துணி பாக்கணும், மடிப்பு பாக்கணும், வளையம் பாக்கணும். அவசரப்பட்டா அப்புறம் ஆயுசுக்கும் வெயில் மூஞ்சிலதான்" என்று ஆரம்பித்துக் கப்பலுக்குப் போய், அங்கிருந்து அரண்மனைக்குப் போய்ச் சேருவேன். என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று ஊர் சொல்லும். அந்த வாயை நம்பித்தான் மாடியில் இத்தனை பெண்கள் நிம்மதியாகப் பேசினார்கள்.

4. இந்த ஏற்பாட்டை நான் தங்களுக்கு எழுதலாமா என்று கேட்பீர்கள். இனி மறைத்து என்ன பயன் ஐயா? தங்கள் ஊழியர்கள்தான் பட்டப்பகலில் வந்து, "இக்கட்டடத்தில் பெண்களுடன் நடைபெறும் ஆலோசனைகளின் பதிவுகள்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டதைத் தெருவைப் பார்த்து ஒட்டிவிட்டுப் போனார்களே! கையில் கொடுத்தால் வாங்கியிருக்க மாட்டோமா? காய்கறி வாங்க வந்தவர், பேருந்துக்கு நின்றவர் எல்லாம் வாசித்தார்கள். எதிர்க்கடை முடிதிருத்துபவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மாமா, அப்ப அந்தக் கப்பல் கதையெல்லாம் இதுக்குத்தானா?" என்று கேட்டார். மாலைக்குள் கடை வெறிச்சோடியது. மறுநாளிலிருந்து துணி வாங்க நிஜமாகவே வருகிறவர்கள்கூட வரத் தயங்குகிறார்கள்.

5. முதல் விசாரணைக்கு அக்காள் மகளோடு நானும் போனேன். தங்கள் இளநிலை அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் ஒரே பாட்டைப் பாடுகிறார். "தப்பு ஒண்ணும் பண்ணலைன்னா எதுக்கும்மா பூட்டு?" என்று அவளைக் கேட்டார். அவள் சட்டம் பேசினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், உங்க வீட்டுப் படுக்கையறைத் திரைக்கு வெளிய தெரியாதபடி ரெட்டை லைனிங் வெச்சுக் குடுங்கன்னு கேட்டு வாங்குனீங்களே, உள்ள என்ன சார் தப்பு நடக்குது?" என்று கேட்டுவிட்டேன். அறையே சிரித்தது. தேநீர் கொண்டுவந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவள் சொன்ன ஒரு நியாயமும் அவர் காதில் ஏறவில்லை. அதற்கு நான் பொறுப்பானால், தண்டனை என்னோடு போகட்டும். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

6. சாவியை அலுவலகத்தில் பத்திரமாக வைத்துக்கொள்வோம், தேவைப்பட்டால் மட்டும் திறப்போம் என்கிறார்கள். என் முதல் மனுவை முத்திரை குத்தி வாங்கிய அலுவலகம் இது. பிறகு கேட்டால், "எந்த மனு? நகல் இருந்தா கொண்டாங்க" என்றார்கள். நகலைக் கொண்டுபோனேன். அதையும் வாங்கி எங்கோ வைத்துவிட்டு, "மூலம் எங்க?" என்று கேட்டார்கள். நான் கொடுத்த காகிதத்தை என்னிடமே தேடுகிறவர்கள், இத்தனை பெண்களின் உயிரைத் தூக்கி எந்த மேசை இழுப்பறையில் போடுவார்கள் ஐயா?

7. இனி எழுதப்போவது முக்கியம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

எங்களிடம் வந்தவர்களில் நீலத்துணி கேட்கும் பெண் ஒருத்தி. நீலம் என்று எழுதியதும் பொய்; உண்மை நிறத்தை எழுதமாட்டேன். ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். எங்கே என்று எனக்குத் தெரியாது. அந்த இணையப் பெட்டகத்துக்குத் தெரியும். அறிவிப்பு ஒட்டிய பிறகு அவள் கணவன் கடைக்கு வந்தான். முன்பு எத்தனையோ முறை என் கதை கேட்டு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. மேசைமேல் இருந்த துணியைத் தடவிப் பார்த்தான். "மாமா, நல்லா கதை சொன்னீங்க. பரவால்ல. சாவி ஆபீசுக்குப் போகட்டும். ஆபீஸ்ல நமக்கு ஆளு இருக்கு" என்றான். "நமக்கு" என்று என்னையும் சேர்த்துச் சொன்னான். எழுந்து போகும்போது நாற்காலியை ஒழுங்காக மேசைக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

ஐயா, அவன் தெருமுனை திரும்பியதும் என் நாற்காலியை மாடிப்படிக்குக் குறுக்கே இழுத்துப் போட்டேன்.

அந்த ஆள் யார் என்று அவன் சொல்லவில்லை. எழுத்தராக இருக்கலாம், அதிகாரியாக இருக்கலாம், இந்த மனுவை உறை கிழித்துத் தங்களிடம் கொடுத்தவராகவும் இருக்கலாம். பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கக்கூடாது என்பது மட்டுமல்ல, எது பூனை என்றே தெரியாத வீட்டில் பாலைத் திறந்து வைக்கக்கூடாது.

8. அப்படியானால் அரசுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு தனி வழி வைத்துக் கொடுங்கள் என்று தங்கள் அதிகாரி இறங்கி வந்தார். என் அக்காள் மகள் முடியாது என்றாள், கணக்கு சொன்னாள். எனக்குக் கணக்கு தெரியாது, தையல் தெரியும். திரையில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு, இதன் வழியாக மாமனார் மட்டும்தான் பார்க்கலாம், திருடன் பார்க்கக்கூடாது என்று தைத்துக் கொடுக்கும் தையல்காரன் இன்னும் பிறக்கவில்லை. என்னாலேயே முடியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. வரும் திங்கட்கிழமை சாவியோடு வராவிட்டால் அவளுடைய உரிமத்தை ரத்து செய்து, காவலிலும் வைப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அவளிடம் கெஞ்சியும் பார்த்தேன். "குடுக்க மாட்டேன் மாமா. என்னை நம்பிப் பேசுனவங்க அவங்க" என்று சொல்லிவிட்டு, என் மாதிரித் துணிகள் வைக்கும் பையைக் காலி செய்து அதில் தன் மாற்றுத்துணியை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் உள்ளே போனால் அந்த மாடியில் உட்கார வேறு ஆள் இல்லை. அறிவிப்பைக் கிழித்துப் போட்ட பிறகு, பயந்து பயந்து ஒன்றிரண்டு பேர் மறுபடி வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருத்தி பின்பக்கச் சந்து வழியாக வருகிறாள். கடை ஓடாவிட்டாலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், யாராவது கீழே வந்தால் பேச்சுக் கொடுக்க.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அ) அந்தச் சாவியைக் கேட்கும் உத்தரவை ரத்து செய்ய வேண்டும்.

ஆ) தங்கள் அலுவலகத்தில் அந்தக் கணவனுக்கு இருக்கும் ஆள் யார் என்று விசாரிக்க வேண்டும்.

இ) இவை இரண்டும் முடியாது என்றால், கீழ்க்கண்டதை என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேற்படிப் பெட்டகத்தின் சாவி என் அக்காள் மகளிடம் இல்லை. அதை உண்டாக்கியவன் நான். உலகத்தில் அதை அறிந்தவன் நான் ஒருவனே. மிக நீளமானது, எழுத்தும் எண்ணும் கலந்தது, எங்கும் எழுதி வைக்கவில்லை, என் தலைக்குள் இருக்கிறது. அவள் இதை மறுப்பாள். "மாமாவுக்குத் தன் போனையே திறக்கத் தெரியாது, பக்கத்துக் கடையில போய்க் குடுப்பாரு" என்பாள். படித்த பெண், பெரியவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். கணக்கில் எடுக்க வேண்டாம். இதுவரை எழுதியதில் சில வரிகளைத் தாங்கள் தலையை ஆட்டிக்கொண்டு தள்ளிப் படித்திருக்கலாம். இந்த வரிகளைத் தள்ள வேண்டாம். சாவி இருக்கும் இடத்தில்தானே விசாரணை நடக்க வேண்டும்? எத்தனை நாள் வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்பவர் களைத்துப்போவார், நான் களைக்க மாட்டேன். பேசுவதில் என்னை ஜெயித்த ஆள் இந்தக் கடைவீதியில் இல்லை.

என்னை அழைத்துப்போக வருகிறவர்கள் கடைக்குள் வந்தால் போதுமானது. மாடிப்படி ஏற வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மேலே யாராவது பேசிக்கொண்டிருக்கலாம்.

இடம்: கடைவீதி
நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கர்ட்டன் மாமா